பாய்லருக்கு மேல் ஒரு சம்படம்

சுப்புலக்ஷ்மி மாமி மாத்திரை சாப்பிடாமல் ஏமாற்றுகிறாள் என்று என்னிடம் சொன்னது அவள் புருஷன் பிச்சுமணி மாமாதான். சொன்ன இடம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்கள் மண்டியின் படிக்கட்டு. நான் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நான் பெரிய நியாயஸ்தன் மாதிரிக் கதை அளந்துகொண்டு போனால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

என் பெயர் திரவியம். ஊர் நாகர்கோவிலுக்கு மேற்கே. சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக பில் போடுகிறேன். குடியிருப்பது ஸ்ரீவராகத்தில், பிச்சுமணி மாமா வீட்டுக்கு நேர் எதிரே. அந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருமல் வரும். மாமா கல்யாணச் சமையல்காரர். கார்டில் கேட்டரிங் என்று போட்டிருக்கும். தெருவில் கேட்டால் சமையல் பிச்சுமணி. சரக்கெல்லாம் எங்கள் கடையில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் என்றால் சனிக்கிழமையே மூட்டைகளோடு நானும் வண்டியில் ஏறி வந்துவிடுவேன்.

ஆர்டர் பிடிப்பது, சண்டை போடுவது, அண்டா இறக்குவது எல்லாம் மாமா. உப்பு போடுவது மாமி. முந்நூறு இலையானாலும் ஐந்நூறு இலையானாலும் உப்பும் புளியும் பெருங்காயமும் மாமியின் கையால்தான் விழவேண்டும். அளவுக்கரண்டி கிடையாது, துண்டுச்சீட்டு கிடையாது. உருளிக்கு மேலே குனிந்து ஒரு தடவை மூச்சை இழுப்பாள். "இன்னும் ஒரு கை" என்பாள். அவ்வளவுதான். கூட வேலை செய்கிற ராமசுப்ரமணியனுக்கு அறுபது வயசு, முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவர். அவரே உப்பு டப்பாவைத் தொடமாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமிக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. தைராய்டுச் சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள். அந்தச் சுரப்பி செய்த வேலையை இனி ஒரு சின்ன வெள்ளை மாத்திரை செய்யவேண்டும், ஆயுசு பூராவும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. அதன் பிறகு ஒரு மணி நேரம் காப்பி கூடாது. அக்ரஹாரத்தில் ஒரு மனுஷிக்கு இதைவிடப் பெரிய தண்டனை எழுத முடியாது. ஆனால் மாமி முணுமுணுக்காமல் கடைப்பிடித்தாள். முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. நூறு மைக்ரோகிராம் மாத்திரை, ரத்தப் பரிசோதனை சரி, சமையலும் பழையபடி நடந்தது.

அப்போது மாத்திரை பாட்டில் சமையலறை உள் அலமாரியில், காப்பிப்பொடிக்குப் பக்கத்தில் இருந்தது.

கொரோனாவுக்கு அப்புறம் ஃப்ளாட்டுக்காரர்கள் வீட்டில் திவசச் சமையல் செய்ய ஆளில்லாமல் மாமாவைத் தேடி வந்தார்கள். மடியாகச் சமைத்து, தூக்கில் அடைத்து, வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். நல்ல வரும்படி. ஜகதியிலிருந்து ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், ஆர்டர் கொடுக்கும் முன் அடுப்படியைப் பார்க்கவேண்டும் என்று வந்தார். வாசலிலேயே நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தவர் கண்ணில் அந்த பாட்டில்தான் பட்டது.

"மருந்தா? இதெல்லாம் எதுல பண்றாளோ யாருக்குத் தெரியும்? மடி அடுப்புக்குப் பக்கத்துல வேண்டாமே" என்றார்.

மறுநாளே மாமா பாட்டிலை எடுத்துப் பின்கட்டுக் குளியலறையில் வைத்துவிட்டார். அவர் கணக்கு என்னவென்றால், மாமி எழுந்ததும் முதலில் போவது அங்கேதான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, குளித்து, மடியுடுத்தி உள்ளே வரலாம். மருந்தும் மறக்காது, அடுப்படியும் தீட்டுப்படாது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தக் குளியலறையை நீங்கள் பார்க்கவேண்டும். ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு செம்பு பாய்லர். நடுக்குழாயில் தேங்காய்ச் சிரட்டையும் மட்டையும் போட்டு எரிப்பார்கள். சமையல்காரர் வீட்டில் சிரட்டைக்குப் பஞ்சமா? காலை நாலு மணிக்கு மூட்டினால் பத்து மணி வரை எரியும். ஆட்கள் குளிக்க, நெய்ப் பிசுக்குப் பாத்திரம் கழுவ, எல்லாவற்றுக்கும் அந்த வெந்நீர்தான். சுவரெல்லாம் வியர்த்து வழியும். பாய்லருக்கு நேர் மேலே ஒரு கடப்பைக்கல் தட்டு. பாட்டில் அதில்தான் ஏறியது. பத்து நாளில் பிளாஸ்டிக் மூடி கோணிக்கொண்டது. மாமா மாத்திரைகளை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் கொட்டி அதே இடத்தில் வைத்தார். "எவர்சில்வர்னா ஒண்ணும் ஆகாது" என்றாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்தது மாமியின் முகம் ஊதியதுதான். ஜூன் மாச இடவப்பாதி மழை பிடித்த சமயம். தெருவே ஈரத்தில் கிடந்தது. மாமி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். திருவனந்தபுரத்தில் ஸ்வெட்டர்!

"என்ன மாமி, குளிருதா?"

"எலும்புக்குள்ள குளிர்றது திரவியம். கை காலெல்லாம் யாரோடதோ மாதிரி இருக்கு."

குரல் கட்டியிருந்தது. பேச்சு மெதுவாக, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் வண்டி போகலாம். கடைக்கு ஃபோன் பண்ணி வெல்லம் சொல்லுவாள். அரைமணி கழித்து மறுபடி கூப்பிட்டு அதே வெல்லத்தைச் சொல்லுவாள். ரத்தம் பார்த்தார்கள். மருந்து போதவில்லை என்றார் டாக்டர். நூறு நூற்றிருபத்தைந்தானது. ரெண்டு மாசம் கழித்துப் பார்த்தால் இன்னும் மோசம். நூற்றைம்பதானது.

டாக்டரிடம் போகும்போது மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அண்டாவுக்கு முன்னால் சிங்கம் மாதிரி கத்துகிற மனுஷனுக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டாக்டர் நீது சின்னப் பெண், மலையாளி, தமிழ்ப்படம் பார்த்துக் கற்ற தமிழ்.

"அம்மா, மருந்து டெய்லி எடுக்கிறதுண்டா? சத்யம் பறயணும், கேட்டோ."

"தினம் சாப்படறேன்."

"காப்பியோட?"

"இல்லை. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்."

டாக்டர் மாமாவைப் பார்த்தார். "இந்த டோஸ் எடுத்தா இப்படி ரிசல்ட் வரில்லா. மிஸ் ஆகுந்நுண்டு. வீட்டில ஆராவது நோக்கணும்."

அங்கேதான் விஷயம் கெட்டது. டாக்டர் வாயால் வந்ததும் மாமாவுக்கு அது வேதவாக்காகிவிட்டது. விடியற்காலை நாலு மணிக்கு அவர் காய்கறி வாங்க சாலை மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். மாமி விழுங்குவதை அவர் பார்த்ததே இல்லை. அதனால் சம்படத்தை எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. சரியாக இருந்தால் நம்பவேண்டியதுதானே? அதுதான் இல்லை.

"எண்ணிக்கை சரியா இருக்கு. அப்ப ஒண்ணொண்ணா எடுத்துத் தூரப் போடறாளாக்கும்" என்றார் என்னிடம், மண்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து.

"எதுக்கு மாமா அப்படிப் பண்ணணும்?"

"ஆயுசு பூரா மாத்திரையான்னு ஒரு வெறுப்பு. பொம்மனாட்டிகளுக்கு மனசுல என்ன ஓடறதுன்னு யார் கண்டா?"

"இருக்கும், இருக்கும்" என்றேன் நான். தலையைக்கூட ஆட்டினேன்.

என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் போகட்டும். ராமசுப்ரமணியனிடம் சொன்னார். நாகர்கோவில் வடசேரியிலிருக்கும் அக்காவிடம் சொன்னார். பேங்க் மேனேஜரிடம் சொன்னார். பெங்களூரில் வேலையாயிருக்கிற மகள் ஸ்மிதாவிடம் சொன்னார். அவள் தினம் ஏழு மணிக்குக் கூப்பிட்டு, "அம்மா, மாத்திரை போட்டுண்டியா? சத்தியமா?" என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்பது மாதிரிக் கேட்க ஆரம்பித்தாள். மாமி, "போட்டுண்டேன்" என்பாள். ஒரு நாள் பதிலே சொல்லாமல் வைத்துவிட்டாள். அது குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று.

கரமனையில் ஒரு கல்யாணம், முந்நூற்றைம்பது இலை. பால்பாயசம் மாமி பொறுப்பு. ரெண்டரை மணி நேரம் உருளிக்கு முன்னால் நின்று சட்டுவத்தால் கிளறிக்கொண்டே இருக்கவேண்டிய வேலை. கிளறிக்கொண்டிருந்தவள் நின்றபடியே தூங்கிவிட்டாள். கை சட்டுவத்தைப் பிடித்திருந்தது, கண் மூடியிருந்தது. ராமசுப்ரமணியன் வாசனை பிடித்து ஓடி வருவதற்குள் அடிபிடித்து, முப்பது லிட்டர் பால் புகைநாற்றம் எடுத்துவிட்டது. எங்கேயோ ஓடி அடைப்பிரதமன் பாயசம் வாங்கி வந்து பந்தியை ஒப்பேற்றினார்கள். பெண்ணின் மாமா கைகழுவும் இடத்தில் நின்று, "பிச்சுமணி ஸ்வாமிக்கு வயசாயிடுத்து போலிருக்கு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

 மாமா வீட்டுக்கு வந்து அண்டா இறக்கும்போது மாமியிடம் சொன்னார்.

"இனிமே நீ அடுப்புப் பக்கம் வரவேண்டாம். காய் நறுக்கிண்டு உக்காரு. உப்பு போட திவ்யலட்சுமியைக் கூப்டுக்கறேன்."

திவ்யலட்சுமி வலியசாலையில் இருக்கிறாள், நன்றாகச் சமைப்பவள், மாமாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மனைவி.  மாமி ஈயச்சொம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் என் பெண்டாட்டியிடம், "முப்பது வருஷமா என் கைதான் அங்க பேசித்து. இப்ப கையும் போச்சு, வாக்கும் போச்சு" என்று சொல்லி அழுதிருக்கிறாள்.

அந்த நேரத்தில் கல்லாற்றிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. பொன்முடி ஏறும் வழியில், ஆற்றோரமாக ஒரு விடுதி. வடக்கேயிருந்து முப்பது பேர் வந்து தங்கி யோகா படிக்கிறார்கள். வெங்காயம் பூண்டு இல்லாத சமையல், நாற்பத்தைந்து நாள். மாமா யோசித்தார். முப்பது பேருக்குத் தவறு வந்தாலும் தலைபோகாது. மாமியையும் ராமசுப்ரமணியனையும் அங்கே அனுப்பிவிட்டு, ஊர்ச் சமையலுக்குத் திவ்யலட்சுமியை வைத்துக்கொண்டார். ஆவணியில் வரப்போகிற சிங்கமாசக் கல்யாணங்களுக்கும் அவள்தான் என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

பயணத்துக்கென்று மாமி ஒரு புது பாட்டில் மாத்திரை வாங்கிக்கொண்டாள். சம்படத்தில் பழசு கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டாள். வண்டி ஓட்டுகிற மஹேஷ் கை நீட்டி, "தாங்க மாமி, டாஷ்போர்டில வைக்கறேன். எறங்ஙும்போள் தரேன்" என்றானாம். "வேண்டாம்ப்பா, அப்புறம் அதையும் நான் தொலைச்சேன்னு சொல்லுவா" என்று மடிசஞ்சியில் துணிக்கு நடுவே செருகிக்கொண்டாள். கல்லாற்றில் அவளுக்குக் கிடைத்த அறையில் ஒரு மர அலமாரி. பாட்டில் அதற்குள் போயிற்று.

மூன்றாவது வாரம் சரக்கோடு நான் அங்கே போனேன். ஆற்றுக் காற்று சில்லென்றிருந்தது. பாறைமேல் சுற்றுலாக்காரர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மாமி ராமசுப்ரமணியனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஓய், எரிசேரிக்குத் தேங்காய் வறுக்கச் சொன்னா கரிக்கச் சொன்னேனா? மூக்கை எங்க அடகு வெச்சீர்?"

ராமசுப்ரமணியன் திட்டு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வருஷமாக அவருக்கு இப்படித் திட்டு கிடைக்கவில்லை. ஸ்வெட்டரைக் காணோம். முகவீக்கம் வடிந்து மாமியின் பழைய கூர்மூக்கு வெளியே வந்திருந்தது. இலை போட்டு எரிசேரியும் புளிசேரியும் விளம்பினாள்.

"திரவியம், தலைக்குள்ள அடைச்சிருந்த பஞ்சை யாரோ பிடுங்கிப் போட்டாப்ல இருக்கு. இங்கத்த தண்ணி விசேஷமோ என்னமோ."

"அப்படித்தான் இருக்கும் மாமி" என்றேன். மனதுக்குள் நினைத்தது வேறு. இங்கே வந்த பிறகுதான் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஊருக்கு வந்து மாமாவிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். "பாத்தேளா, நான் சொல்லலை?" என்றார் அவர்.

ஆறாவது வாரம் மஹேஷ் ஃபோன் பண்ணினான். மாமிக்குக் கை நடுங்குகிறதாம், நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம், நாலு நாளாகப் பொட்டுத் தூக்கமில்லையாம். தாளித்த நெய்க்கரண்டி கை நழுவிப் பாதத்தில் விழுந்து கொப்பளித்துவிட்டது. வண்டியில் போட்டு நேராக டாக்டரிடம் கொண்டுவந்தான். நானும் மாமாவும் அங்கே போனோம். மாமி இளைத்துக் குச்சியாகியிருந்தாள். புடவைத் தலைப்பு நெஞ்சுத் துடிப்பில் ஆடுவது எதிரே இருந்த எனக்கே தெரிந்தது. இதயம் பார்க்கும் டாக்டரும் வந்து பார்த்தார். ரத்த ரிசல்ட் வந்தது. இந்தத் தடவை நேர் எதிர். மருந்து உடம்பில் அளவுக்கு மேலே ஏறிக் கிடந்தது.

டாக்டர் நீது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, ரெண்டு ரெண்டா எடுத்தோ? பயப்படண்டா, பறஞ்ஞோ."

"ஒண்ணுதான்."

"அம்மே..."

"இங்கேயும் ஒண்ணு. அங்கேயும் ஒண்ணு."

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "இங்க இருக்கறச்சே சாப்பிடாம இருக்க வேண்டியது. அங்க போய் ரெண்டு ரெண்டா முழுங்க வேண்டியது. டாக்டர், நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்கோ."

மாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பத்து நாளைக்கு மருந்தே வேண்டாம், அதன்பின் பழைய நூறு, அதுவும் மாமா கையால்தான் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். மாமா சாலை மார்க்கெட்டிலிருந்து திரும்பவில்லை. நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாமி ஈரத்தலையோடு தெருவைக் கடந்து வந்தாள். ஒரு கையில் அந்த எவர்சில்வர் சம்படம், புடவைத் தலைப்பால் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் கல்லாற்று பாட்டில்.

"தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். சுட்டது. காப்பி டம்ளர் சுடுகிற அளவுக்குச் சூடு.

"குளிக்கப் போனேன். தலையில ஊத்தறச்சே சொம்பு இதுல இடிச்சுடப்போறதேன்னு நகர்த்தினேன். சுரீர்னுது. இத்தனை நாள் பாய்லர் மூட்டறதுக்கு முன்னாடியே இருட்டுல மூடியை மட்டும் திறந்து ஒண்ணை எடுப்பேன், தூக்கிப் பாத்ததில்லை." சம்படத்தைத் திறந்து என் பேப்பர் மேல் கவிழ்த்தாள். பழைய மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மங்கின மஞ்சளாய், புள்ளி விழுந்து கிடந்தன. ஒன்றை நகத்தால் கீறினாள். மாவாய் உதிர்ந்தது. கல்லாற்று பாட்டிலிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பளிச்சென்று வெள்ளை. விரலால் அழுத்தினால் டிக்கென்று ரெண்டாக உடைந்தது.

"உங்க கடையில காயத்தை எங்க வெக்கறேள்?"

"உள் ரூம்ல மாமி. மரப்பெட்டிக்குள்ள."

"ஏன்?"

"சூடும் ஈரமும் பட்டா மணம் போயிரும்லா?"

"என் ஆத்துலயும் அப்படித்தான். உக்கிராணத்துல மரப்பெட்டி. அடுப்புப் பக்கம் வெச்சா ஒரு மாசத்துல கல்லும் அதுவும் ஒண்ணு, எத்தனை போட்டாலும் குழம்புல ஏறாது. நல்ல காயம் வந்ததும் அதே அளவு போட்டா வாயில வெக்க முடியாது." மூச்சு வாங்கிற்று அவளுக்கு. "டாக்டர் அளவைக் கூட்டிண்டே போனா. செத்த மருந்துல நூத்தைம்பது. அப்புறம் உசிருள்ள மருந்துல நூத்தைம்பது. காயத்துக்குக் குடுக்கத் தெரிஞ்ச மரியாதையை என் மருந்துக்குக் குடுக்கத் தெரியலையே, திரவியம். யாருக்குமே தெரியலையே."

எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக காயப்பெட்டியைப் பூட்டித் திறக்கிறவன் நான். மாத்திரையைப் பற்றி வாய்கூசாமல் தலையாட்டியவனும் நான்தான். "மாமி, நானும் உங்களை நம்பலை" என்றேன்.

"தெரியும். காலண்டரைப் பாத்தேளே" என்றாள்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மாமாவை அவள் கூப்பிடவில்லை. மேஜைமேல் பழசும் புதுசுமாக மடித்துக் கொண்டுவந்த ரெண்டு பொட்டலத்தையும் பிரித்து, பாட்டிலையும் வைத்தாள். டாக்டர் நீது ரொம்ப நேரம் பார்த்தார். பாட்டிலைத் திருப்பி, லேபிளில் எறும்பு எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார். சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றும் படக்கூடாது என்று போட்டிருந்தது.

"லேப்ல டெஸ்ட் பண்ணாம நிச்சயமா பறயான் முடியாது. ஆனா, அம்மா பறயுந்நது சரியாக்கும்." பேனாவை மூடி வைத்தார். "நான் எடுத்தோ எடுத்தோன்னு கேட்டேன். எங்கே வைக்கிறதுன்னு ஒரு தடவையும் கேட்டில்லா. அது என்றெ தப்பு."

அந்தப் பெண்ணிடம் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது. இனி என்ன செய்யவேண்டும் என்பதையும் சொன்னார். வாங்கின பாட்டிலிலேயே இருக்கட்டும், வேறெதிலும் கொட்டவேண்டாம், மூடியை இறுக்கி மூடவேண்டும். அடுப்பு, குளியலறை, ஜன்னல் வெயில், ஃப்ரிட்ஜின் மேல்தலை எதுவும் வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குள்ளேயும் தேவையில்லை, ஈரம் கட்டும். வெளியூர் போனால் கைப்பையில், தன்னோடு. வண்டியின் டாஷ்போர்டில் வேண்டாம், வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளேயும் விடவேண்டாம். மாமி எல்லாவற்றுக்கும், "காயம் மாதிரிதான்" என்றாள். புதுசாய் நூறு மாத்திரை, ஏழு வாரம் கழித்து ரத்தம்.

அன்றைக்கே பாட்டில் சாமான் வைக்கும் உக்கிராணத்துக்குள், காயப்பெட்டிக்குப் பக்கத்தில் ஏறியது. மாமா பதறினார்.

"உக்கிராணமும் மடிதான் சுப்பு. பேங்க்காரர் பாத்தார்னா திவச ஆர்டர் போயிடும்."

"போகட்டும்."

சூடு பட்ட மாத்திரை விஷயத்தை நானும் அவருக்கு விளக்கினேன். "ஓஹோ, அப்படியா" என்று கேட்டுக்கொண்டார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. திவ்யலட்சுமிதான் உப்பு போட்டுக்கொண்டிருந்தாள். மாமி காய் நறுக்கினாள்.

ஏழு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மறுநாள் நிச்சயதார்த்தம், இருநூறு இலை. திவ்யலட்சுமி வீட்டில் விசேஷம். அன்று அவள் வரவில்லை. நான் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தேன். பின்கட்டில் சேனையும் பூசணியும் வாழைக்காயும் மலையாகக் கிடந்தன. ராமசுப்ரமணியன் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். மாமாவின் ஃபோனில் ரிசல்ட் வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ரெண்டு புள்ளி ஒண்ணு! நார்மல்னு போட்டிருக்கான்!" நிஜமாகவே சந்தோஷப்பட்டார், பொய் சொல்லக்கூடாது. "பாத்தியா சுப்பு, ஒழுங்கா சாப்ட்டா எப்படி ஆயிடறது! இனிமேலாவது இப்படியே சாப்டுண்டு வா."

மாமி கத்தியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்னா, நான் சாப்படறதில்லேன்னு யார் யார்கிட்ட சொன்னேள்?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"சொன்னவா அத்தனை பேர்கிட்டயும், அவ தினம் சாப்ட்டா, நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்கோ. சொல்லி முடிச்சப்புறம் கத்தியை எடுக்கறேன்."

"நாளைக்கு இருநூறு இலைடீ!"

"எனக்கும் தெரியும்."

மாமா ராமசுப்ரமணியனைப் பார்த்தார். அவர் உடைத்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். இத்தனை காயும் நறுக்கி முடியவேண்டுமே என்கிற கவலை எனக்கு இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

கால்மணி நேரம் கத்தினார், மானம் போகிறது என்றார், சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். கடைசியில் எங்கள் இருவர் பக்கமாகப் பொதுவாகத் திரும்பி, கூரையைப் பார்த்து, "அவ சாப்ட்டிருக்கா. நான் சொன்னது தப்பாக்கும்" என்றார்.

"ரெண்டு பேராச்சு" என்றாள் மாமி.

வடசேரி அக்காவுக்குப் போட்டார். அக்கா, "அதான் எனக்கு அப்பவே தெரியுமே, உன் புத்திதான் குறுக்குபுத்தி" என்று ஸ்பீக்கரில் ஊரே கேட்கச் சொன்னாள். பேங்க் மேனேஜருக்குப் போட்டார். மருந்து இப்போது உக்கிராணத்தில்தான் இருக்கிறது, இஷ்டமில்லையென்றால் வேறிடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் மாமி கண்ணாலேயே சொல்லவைத்தாள்.  மேனேஜர், "என் சுகர் மாத்திரை டிவிக்குப் பின்னால இருக்கே, அங்க நல்ல சூடு வருமே, அது பரவாயில்லையா? மாமியைக் கேட்டுச் சொல்லும்" என்றார். மாமி கேட்டுக்கொண்டு, "இடத்தை மாத்தச் சொல்லுங்கோ" என்றாள். திவ்யலட்சுமிக்குப் போட்டு, சிங்கமாசத்துக்கு சுப்புவே உப்பு போடுவாள் என்றார். "மன்னி இருக்கறச்சே நான் என்னத்துக்கு? தேங்காய் திருவக் கூப்பிடுங்கோ, வரேன்" என்றாள் அவள்.

ஸ்மிதாவுக்குப் போட்டார். சொன்னதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். "அம்மா, தினம் தினம் சத்தியம் பண்ணுன்னு கேட்டேனே. ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாமே." மாமியின் கண்ணும் நிறைந்துவிட்டது. "வாயடைச்சுப்போய் இருந்தேண்டி. இப்பத்தானே வாய் திரும்பி வந்திருக்கு. லீவுக்கு வா, திட்டறேன்" என்றாள்.

மாமா ஃபோனை மடியில் வைத்து மூச்சுவிட்டார். "முடிஞ்சுது. எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"இல்லை. ஒருத்தர் பாக்கி."

"யாரு? டாக்டருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"எங்கிட்ட. ஒரு வருஷமா அதிகமா சொன்னது எங்கிட்டத்தானே. எங்கிட்ட இன்னும் சொல்லலை."

 மாமா வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்துவிட்டார். கடைசியில் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். போய்விட்டார் மனுஷர், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ராமசுப்ரமணியன் உதட்டைப் பிதுக்கினார்.

காய்க்கூடைக்குப் பின்னாலிருந்து மாமியின் ஃபோன் அடித்தது. எடுத்துப் பேரைப் பார்த்தாள். காதில் வைத்துக்கொண்டாள். கிணற்றடியில் மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். அவர் பேசுவது ஃபோனில்லாமலே எங்களுக்குக் கேட்டது.

"சுப்பு, நான்தான் பேசறேன். நீ தினம் சாப்ட்டே. நான்தான் கொண்டுபோய் பாய்லர் மேல வெச்சேன். வெச்சதும் நான், திட்டினதும் நான். கரமனையில பாயசம் அடிபிடிச்சதும் என்னாலதான்." ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். "கேக்கறதோ?"

"கேக்கறது" என்றாள் மாமி. ஒரு நிமிஷம் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, வெச்சுட்டு உள்ள வாங்கோ. மணி நாலாறது, சேனை இன்னும் நறுக்கலை."